ஸ்டேஷன் ஏழில் பூஜ்யம்

அண்ணாமலை நகர்,
18.3.2025

தாட்சாயிணிக்கு,

பார்க்காத இடத்தில் ஒன்று இல்லை என்று எப்படிச் சொல்வது? இன்று காலை என்னோடு வேலை பார்க்கும் பாலகுமார் இதைக் கேட்டார். தெரியவில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதும் கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாதுதான். நலமா என்று கேட்டிருக்கலாம். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியாததால், வேலையிலிருந்து தொடங்குகிறேன். 'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

விலாசம் நம்மோடு படித்த காயத்ரி கொடுத்தாள். அவள் அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் உன் கையெழுத்தைப் பார்த்தாளாம். போன் நம்பரும் வாங்கித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். போனில் பேசினால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுவேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனைத் தானே உரமாக்கிக்கொள்ளும் நம் மிதவை உயிர்களோடுதான் இன்னும் இருக்கிறேன். ஆராய்ச்சி மாணவிகளாக அன்று வலை போட்டுத் தேடினோம். இப்போது கணினியில் தேடுகிறோம். தண்ணீரின் சூடு, உப்பு, வெளிச்சம், நைட்ரேட், இரும்பு எல்லாவற்றையும் கொடுத்து, எங்கெங்கே கண்டார்கள், எங்கெங்கே தேடியும் காணவில்லை என்ற பட்டியலையும் கொடுத்தால், யாரும் போகாத கடலுக்கும் அது நிறம் போட்டுக் காட்டும். சிவப்பு என்றால் வாழலாம். வெள்ளை என்றால் இல்லை.

நம் கரைக்குப் பட்டியலில் இருப்பது ஒரே ஒரு வரி. ஸ்டேஷன் ஏழு, உப்பனாறு கடலில் சேரும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர், 12.4.2003. எதிரே பூஜ்யம். அந்த ஒரு பூஜ்யத்தால் புதுச்சேரியிலிருந்து கொள்ளிடம் வரை வெள்ளை. பாலகுமார் அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினார். கரை முழுக்கச் சிவந்துவிட்டது.

"மேடம், இந்த ஒரு பூஜ்யம்தான் எல்லாத்தையும் புடிச்சு நிறுத்துது. யார் எண்ணினது? நம்பலாமா?" என்றார். நான் எண்ணியது என்று சொன்னேன்.

ஏப்ரல் முப்பதுக்குள் பட்டியலை அனுப்ப வேண்டும். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து தொகுப்பது. ஒருமுறை உள்ளே போனால் யாரும் திருத்த மாட்டார்கள். அதே தண்ணீரில் நீ முதலில் எண்ணியது முப்பத்தெட்டு என்று நினைவு. அந்த நோட்டு உன்னிடம் இருக்கிறதா? அறிவியல் காரணத்துக்காக மட்டுமே கேட்கிறேன்.

சந்திரலேகா

*

திருப்பாதிரிப்புலியூர்,
24.3.2025

லேகா,

'அறிவியல் காரணத்துக்காக மட்டுமே' என்று நீ எழுதாமல் இருந்திருந்தால், வேறு காரணம் இருக்குமோ என்று எனக்குத் தோன்றியே இருக்காது.

நலம்தான். நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம். நடேஷ் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறார். நான் பதினெட்டு வருஷமாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சிதம்பரம் கீழ வீதியில் பிறந்த நான் கடலூரில், கடலூர்க்காரி நீ சிதம்பரத்துப் பக்கத்தில். இடம் மாற்றிக்கொண்டோம்.

நோட்டு இல்லை. 2004 போகிக்கு முன்னால் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். "படிச்ச படிப்பையாடி எடைக்குப் போடற?" என்று அம்மா கேட்டாள். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். ஸ்டேஷன் ஏழு, முப்பத்தெட்டு கட்டு, பக்கத்தில் பென்சிலில் நான் வரைந்த படம், இழைகள் சேர்ந்து வைக்கோல் கட்டு மாதிரி.

அது இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? இங்கே ஸ்லைடு வைக்கும் அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இல்லாததைப் பார்த்த கண் இது, ஜாக்கிரதை என்று எனக்கு நானே. மலேரியா இல்லை என்று எழுத மற்றவர்கள் ஒரு ஸ்லைடில் நூறு இடம் பார்ப்பார்கள். நான் இருநூறு பார்ப்பேன். "பேஷண்ட் குணமாகி வீட்டுக்கே போயிட்டாரும்மா, உங்க ரிப்போர்ட் இன்னும் வரல" என்று ஓனர் கேலி செய்வார்.

நான் ஏன் சண்டை போடவில்லை என்று நடேஷ்கூடக் கேட்டிருக்கிறார். ராஜமாணிக்கம் சார் என்னை ஆராய்ச்சியிலிருந்து துரத்தவில்லை. "ஒரே தண்ணியில ஒருத்தருக்கு முப்பத்தெட்டு, இன்னொருத்தருக்கு பூஜ்யம். பரவால்லம்மா, அடுத்த சீசன் மறுபடி எடுத்துப் பாரு" என்றுதான் சொன்னார். நான்தான் போகவில்லை. வேறு யார் அந்தப் பூஜ்யத்தைப் போட்டிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். அது நீ போட்டது. மெஸ் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்வதற்கே இரண்டு தடவை ருசி பார்ப்பவள் நீ. நீ இல்லை என்றால் இல்லைதான். அப்படியானால் என் கண்ணில்தான் கோளாறு. கண்ணை நம்ப முடியாதவள் அந்தப் படிப்பில் இருந்து என்ன செய்வது?

அதனால் உன் பூஜ்யம் அப்படியே இருக்கட்டும். எனக்காக எந்தக் கடலும் சிவக்க வேண்டாம்.

தாட்சாயிணி

*

அண்ணாமலை நகர்,
29.3.2025

தாட்சா,

நான் பார்க்கவில்லை.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதத்தான் உட்கார்ந்தேன். நோட்டு இருக்கிறதா என்று கேட்டு முடித்துவிட்டேன். உன் சாம்பார் வரிக்குப் பிறகு அப்படி முடிக்க வழியில்லை.

ஆகஸ்ட் 2003, ஒரு வியாழக்கிழமை. "சந்திரலேகா ஒரு தடவை எண்ணிப் பாக்கட்டும், அது நிதானமான பொண்ணு" என்று சார் உன் சாம்பிளை என்னிடம் கொடுத்தார். குலுக்கினேன். எண்ணும் தகட்டில் விட்டேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தபோது கரண்ட் போய்விட்டது. மணி பதினொன்றேகால். எதிரே படிவம் இருந்தது. நைட்ரேட் நிறைந்த தண்ணீரில் அவை வாழாது என்று புத்தகத்தில் இருக்கிறது. தேவைப்படாதபோது எதற்கு அவ்வளவு கஷ்டப்பட்டு உரம் தயாரிக்க வேண்டும்? ஆற்று முகத்தில் நைட்ரேட் ஏராளம், அதை அளந்ததே நான்தான். ஆக இருக்க முடியாது. எண்ணினாலும் பூஜ்யம்தான் வரும் என்று நிச்சயமாக நினைத்தேன். பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டுத் தகட்டைக் கழுவி வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சோம்பலா, புத்தகத்தின் மேல் நம்பிக்கையா, சேர்ந்த முதல் வருஷமே நீ புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டாய் என்ற பொறாமையா? மூன்றும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று தெரியாது. பார்த்திருந்தால் என்ன கண்டிருப்பேன் என்பதும் தெரியாது. நாலு மாதம் ஃபார்மலினில் கிடந்ததில் இழைகள் சிதைந்து, உண்மையிலேயே பூஜ்யம் வந்திருக்கலாம். அது என் குற்றத்தைக் குறைக்கவில்லை.

மறுநாள் நீ வந்து கேட்டாய். "ஒண்ணுகூட இல்லையா லேகா?" இல்லை என்றேன். "நல்லா குலுக்கினியா?" குலுக்கினேன் என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம்பிள்கள் எல்லாம் கரையோரத்து அறையில் இருந்தன. சுனாமி வந்து பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். முழங்கால் வரை சேறு. ஒரு புட்டிகூட மிச்சமில்லை. பக்கத்துக் குப்பத்தில் பிணங்களைத் தேடி முடித்திருக்கவில்லை, அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே நின்றுகொண்டு, இனி யாரும் திறந்து பார்க்க முடியாது என்று நிம்மதிப்பட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் மிகவும் மோசமானது அதுதான். பூஜ்யம் போட்டதுகூட இல்லை.

2006இல் வந்த என் கட்டுரை அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. வேலை கிடைத்தது அந்தக் கட்டுரையால்.

லேகா

*

திருப்பாதிரிப்புலியூர்,
7.4.2025

லேகா,

அந்த மைக்ராஸ்கோப்பின் அடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தால் வெயிலே போதும். ஆகஸ்ட் மாதம், பகல் பதினொன்றேகால் மணி. கரண்ட்டைப் பற்றி இனி எழுதாதே.

உன் கடிதம் வந்த அன்று அலமாரியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. இத்தனை வருஷம் எதை எச்சரிக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தேனோ அது ஒரு சாதாரணப் படம். நான் பார்த்தது, வரைந்தது, அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தொன்பது வயது ஆகவேண்டியிருந்தது.

நீ போட்ட பயத்தில் நான் கூடுதலாகப் பார்த்த அந்த நூறு இடங்களால் யாராவது பிழைத்திருக்கலாம். அதற்கு உனக்கு நன்றி சொல்வேன் என்று நினைக்காதே.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. நல்லது. கேட்டிருந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்த வரியை என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் எழுது.

தா.

*

அண்ணாமலை நகர்,
11.4.2025

தாட்சா,

உன் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். பாலகுமார்கூட, விஷயம் தெரிவதற்கு முன், "பழைய டேட்டா, சந்தேகமா இருக்குதுன்னு தூக்கிடலாம் மேடம், யாரும் கேக்கப் போறதில்ல" என்றார். இரண்டு நாள் அதுவே போதும் என்று இருந்தேன். வரைபடம் சரியாகிவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. அப்புறம் யோசித்தேன். வரியை எடுத்தால் என் பொய்யோடு உன் முப்பத்தெட்டும் போய்விடும். இரண்டாம் தடவையும் நானே உன்னை இல்லாமல் செய்ததாக ஆகும்.

நேற்று பாலகுமாரிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க இப்படின்னா, மத்த வரியெல்லாம் யார் யார் எப்படி எண்ணினதோ?" என்றார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார். எப்போதும் சாத்த மாட்டார்.

உன் எண்ணிக்கை உன் பெயரோடு போகும். என் எண்ணிக்கைக்கு எதிரே 'எண்ணப்படவில்லை' என்று போடுவேன். 2006 கட்டுரையைத் திருத்தக் கேட்டுப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தின் நகல் இத்துடன். எழுதிவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. ஓய்வு பெறப் பதினொரு வருஷம் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

உன் முப்பத்தெட்டை வைத்து ஓட்டிப் பார்த்தோம். கரை நல்ல சிவப்பு. நீ பார்த்தது இருந்திருக்கும் என்றே கணக்கும் சொல்கிறது.

லேகா

*

திருப்பாதிரிப்புலியூர்,
15.4.2025

லேகா,

கணக்கு சொல்வது எனக்கு வேண்டாம். நீ பூஜ்யம் கொடுத்தாய், வெள்ளை என்றது. முப்பத்தெட்டு கொடுத்தாய், சிவப்பு என்கிறது. கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது.

பொன்னுரங்கத்தைப் போய்ப் பார்த்தேன். நம்மை அன்று படகில் அழைத்துப் போனவர். தலை முழுக்க நரைத்துவிட்டது, பேச்சு அப்படியே இருக்கிறது. "அந்த ரெண்டு பேர்ல சிரிக்காத அக்கா ஒண்ணு இருந்துச்சே, அது நல்லாக்குதா?" என்று கேட்டார். சிரிக்காமல்தான் இருக்கிறாள் என்றேன்.

அன்றைய நாள் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நீங்ககூட உளுந்து கதை சொன்னீங்களேக்கா, உளுந்து போட்ட வயலுக்கு அதுவே உரம் குடுக்கறாப்புல கடலுக்கும் ஒண்ணு இருக்குதுன்னு. அன்னிக்கித் தண்ணி மேல ரம்பத் தூள் கொட்டினாப்புல கெடந்துச்சே. கையில அள்ளிக்கூடக் காட்டினனே" என்றார். அள்ளிக் காட்டியது எனக்கு மறந்தே போயிருந்தது. இத்தனை வருஷத்தில் நீயும் அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பூஜ்யம் என்று ஒரு காகிதம் சொன்னதும், கையில் அள்ளியவரை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். இதில் என் பங்கும் இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் ஞாபகம் எண்ணிக்கை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை, இருபதாம் தேதி, வா. அதே இடம், ஏறக்குறைய அதே நாள். மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், அவருடைய ஃபைபர் படகு போகலாம். தண்ணீரை எடுத்து, அன்றைக்கே இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணுவோம். எண்ணும் தகட்டை நீ கொண்டு வா, எங்கள் லேபில் அது கிடையாது. வருவது எதுவோ அதுவும் பட்டியலில் போகட்டும்.

இரண்டு நிபந்தனை. பத்திரிகைக்கு எழுதியதை அனுப்பிவிட்டுப் படகில் ஏறு. ஞாயிறன்று நடப்பதைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டு எனக்குத் தபாலில் அனுப்பு. உன் மனதில் என்ன ஓடியது என்பதெல்லாம் வேண்டாம். பார்த்தது மட்டும்.

தாட்சாயிணி

*

அண்ணாமலை நகர்,
19.4.2025, சனி

தாட்சா,

பத்திரிகைக்கான கடிதத்தை இன்று காலை பத்து நாற்பதுக்கு அனுப்பினேன். அனுப்பியதற்கான அச்சு இத்துடன் இருக்கிறது.

மனதில் உள்ளது வேண்டாம் என்றாய். ஒன்றை மட்டும் நாளைக்கு முன்பே எழுதிவிடுகிறேன். இந்தத் தாளைக் கிழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள். நாளை ஒரே ஒரு இழையாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதை எண்ணி, உன் முன்னால் எழுதி, முடித்துக்கொள்ள ஆசை. உனக்காக ஆசைப்படுகிறேன் என்று எழுதி அடித்துவிட்டேன். எனக்காகத்தான்.

லேகா

20.4.2025, ஞாயிறு. நடந்தது:

முதல் பஸ்ஸில் வந்தேன். செம்மங்குப்பம் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்கு வழக்கம்போல எல்லாரும் ஜன்னலைச் சாத்தினார்கள். ஆறே காலுக்குத் துறைமுகத்தில் இறங்கினேன். நீ முன்னதாகவே வந்திருந்தாய். "கண்ணாடி போட்டாச்சா?" என்றாய். நீயும் போட்டிருந்தாய்.

பொன்னுரங்கம் என்னைப் பார்த்து, "வாங்கக்கா. இன்னிக்காவது சிரிப்பீங்களா, இல்ல அடுத்த இருவது வருசம் களிச்சா?" என்றார். நீ சிரித்தாய்.

ஏழு இருபத்தைந்துக்கு ஸ்டேஷன் ஏழு. லேசான அலை, தண்ணீர் பச்சை. மேலே தூள் எதுவும் மிதக்கவில்லை. வலையை இரண்டு முறை இழுத்தோம். நீ புட்டியில் பேர் எழுதினாய், நான் நேரம் குறித்தேன். பொன்னுரங்கம் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு ஊற்றினார். "அன்னிக்கி இருந்துச்சு, இன்னிக்கி இல்ல. கடல் இன்னாக்கா, ஆணி அடிச்சா மாட்டி வெச்சிருக்கும்?" என்றார்.

ஒன்பதரைக்கு உன் லேபுக்கு வந்தோம். விடுமுறை, சாவி உன்னிடம் இருந்தது. பரணிலிருந்து இறக்கிய ஒரு பழைய மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்திருந்தாய். அதற்கு பல்பு இல்லை. கண்ணாடி மட்டும் இருந்தது. அறையில் கரண்ட் இருந்தது, மின்விசிறி ஓடியது.

முதலில் நீ எண்ணினாய். முப்பத்தைந்து நிமிஷம். ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்தாய்.

அடுத்து நான். அதே புட்டியைக் குலுக்கி, தகட்டில் புதிதாக விட்டேன். கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்க நாலு முறை ஆனது. ஒரு தடவை மேகம் வந்து இருட்டியது. மேகம் போகும் வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். தகட்டில் கோடு போட்டிருக்கும் ஆயிரம் கட்டத்தையும் இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் முறை ஓரிடத்தில் நின்றேன். "என்ன?" என்று கேட்டாய். நூல் என்றேன். துணி நூல். "நல்லா பாத்தியா?" என்றாய். பார்த்தேன் என்றேன்.

உன் தாளைத் திருப்பினாய். பூஜ்யம். அதன் கீழே நானும் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நீ அலமாரியைத் திறந்து அந்தப் பக்கத்தை உரித்தெடுத்தாய். ஒரு மூலை கதவிலேயே தங்கிவிட்டது. உறையில் போட்டுக் கொடுத்து, "முப்பத்தெட்டுன்னு போடு. யார் எண்ணினதுன்னு கேட்டா என் பேரச் சொல்லு" என்றாய். இன்றைய பூஜ்யமும் முப்பத்தெட்டுக்குப் பக்கத்திலேயே போகும். கரைக்கு என்ன நிறம் வரும் என்று கேட்டாய். ஓட்டிப் பார்க்காமல் தெரியாது என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். நான் எண்ணி முடித்த தகட்டை நீ மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்திருந்தாய். முதல் கட்டத்திலிருந்து, எனக்குக் கேட்கும்படி எண்ணிக்கொண்டிருந்தாய்.

சந்திரலேகா